மைக்செட் வேலை என்று சொல்லாதீர்கள்

பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க, காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த பையன், கூடவே பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் தாய்மாமன். பேச்சைத் தொடங்கியவர் மாமன்தான். பையன் ஓசூரில் மூன்று நண்பர்களோடு சேர்ந்து பேண்டு வைத்திருக்கிறானாம். கிட்டாரைக் கீழே வைப்பதில்லையாம். தெரிந்த கல்லூரி ஒன்றில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு அவர் பேசி முடித்துவிட்டார். அந்தப் பணத்துக்காக அப்பா ஒரு ஏக்கர் மாந்தோப்பை விலை பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் பெங்களூரா ரக மாமரங்கள், நன்றாகக் காய்க்கிறவை.

வருகிறவர்களுக்கு முதலில் நாலு வார்த்தை ஆறுதல் சொல்வது என் வழக்கம். தோப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அது மறந்துபோய்விட்டது. "ஐயா, முதல்ல அந்த விலை பேசுறதை நிறுத்துங்க" என்றேன். மாமனுக்கு முகம் சுருங்கியது. பரவாயில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸைக் குறை சொல்லவில்லை. கலந்தாய்வில் இடம் கிடைத்து, பிள்ளைக்கும் ஆசை இருந்தால் தாராளமாகச் சேருங்கள். அதைப் பற்றி ஊரே பேசுகிறது, நானும் எழுத வேண்டியதில்லை. ஆனால் ஆசையே இல்லாத பிள்ளையை, காய்க்கிற மரத்தை விற்று, சொந்தக்காரர் வாய்க்குப் பயந்து அங்கே தள்ளுவதற்கு நான் துணை நிற்க மாட்டேன். நாலாவது வருஷம் அரியரோடு வந்து என் எதிரில் உட்கார்ந்த பிள்ளைகள் பலர்.

அப்புறம் பையனிடம் திரும்பினேன். பேண்டைப் பற்றிக் கேட்டதும் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். பவர் பாப் வாசிக்கிறார்கள். கிட்டார் பலமாக ஒலிக்கும், மெட்டு இனிமையாக இருக்கும், பாட்டு மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பெயரை 1967இல் சொன்னவர் 'தி ஹூ' என்ற ஆங்கில ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் என்று கூடுதலாக ஒரு தகவலும் தந்தான். மேடையைப் பற்றிச் சொல்வான் என்று பார்த்தால், ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டான்.

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா. இரவு கூத்து. கூட்டம் அதிகம் என்று மைக்செட்காரர் திடலின் பின்பக்கம் இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்திருக்கிறார். பின்னால் உட்கார்ந்தவர்களுக்குக் கட்டியக்காரன் பேச்சு இரட்டையாகக் கேட்டது. ஒயரில் போகும் சத்தம் பின் பாக்ஸுக்கு உடனே வந்துவிடும். மேடைப் பக்கத்து பாக்ஸின் சத்தம் காற்றில் நடந்து வரவேண்டும். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 34 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம்.

"நடந்து அளந்தேன் சார். அடிக்கு ஒரு மில்லி செகண்ட் கணக்கு. மிக்ஸர்ல பின் பாக்ஸுக்கு மட்டும் டிலே போட்டேன். முன்னாடி ஒருத்தனைக் கைதட்டச் சொல்லி, ரெண்டு சத்தமும் ஒண்ணாகுற வரைக்கும் காதால சரி பண்ணேன்."

அப்பா அசட்டையாகச் சொன்னார்: "அதெல்லாம் மைக்செட் வேலைங்க."

அந்தச் சொல்தான் என்னை உசுப்பிவிட்டது. இயற்பியல் பாடத்தைத் திடலில் நடந்து அளந்திருக்கிறான் பையன். இதற்குப் படிப்பு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதைக் கேட்டு வருகிறவர்தான் இல்லை.

பையன் தலையில் வைத்துக் கொண்டாடும் குழு ஒன்றின் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1971இல் உருவான பிக் ஸ்டார். அங்கே ஆர்டென்ட் என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம். அதன் உரிமையாளர் ஜான் ஃப்ரை உள்ளூர்ப் பையன்களுக்கு ஒலிப்பதிவு கற்றுக்கொடுத்து, வேலை நேரம் முடிந்த பிறகு கூடத்தையும் அவர்களிடமே விட்டுவிடுவார். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் குழுவின் கிறிஸ் பெல். குழுவுக்கு வைத்ததோ எதிரே இருந்த மளிகைக்கடையின் பெயர். 1972இல் வந்த முதல் ஆல்பத்தை விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். அதன் தலைப்பே 'நம்பர் 1 ரெக்கார்டு'. ஆனால் விநியோகம் சொதப்பியதால், கடைகளில் கேட்டால் கிடைக்காத நிலை. சில வருஷங்களில் குழு கலைந்தது. பின்னால் வந்த தலைமுறைதான் அதைத் தேடிப்பிடித்துக் கொண்டாடியது. டிரம்ஸ் வாசித்த ஜோடி ஸ்டீஃபன்ஸ், 1987இல் அதே ஆர்டென்ட் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பிற்காலத்தில் அதை நடத்தினார்.

அப்பாவுக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது. எனக்கும்தான்.

நம் பக்கத்து உதாரணமும் சொன்னேன். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு முதன்முதலாக மேடை ஏறியது. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். இத்தனை சத்தமும் ஒன்றையொன்று விழுங்காமல் காதுக்கு வரவேண்டுமென்றால், மிக்ஸர் முன்னால் நிற்கிறவருக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எங்கே படிப்பது? சென்னை தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ஒலிப்பதிவுக்கென்றே நாலு வருஷப் பட்டப்படிப்பு உண்டு. அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்துக்குத் தோப்பை விற்க வேண்டியதில்லை. இடங்கள் மிகக் குறைவு, தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். அதனால் அறிவிப்பு வந்ததும் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்து, கடைசித் தேதி வரை காத்திருக்காமல் விண்ணப்பம் போடுங்கள்.

கிடைக்காவிட்டால்? கிருஷ்ணகிரி அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். பட்டம் முடித்ததும் புனே திரைப்படக் கல்லூரியின் மூன்று வருஷ ஒலிப் படிப்புக்கு எழுதலாம். அதற்கு ஏதாவது ஒரு பட்டமும் பிளஸ் டூவில் இயற்பியலும் வேண்டும். கொல்கத்தாவின் சத்யஜித் ரே கல்லூரியிலும் இதே துறை இருக்கிறது. மைக்கில் சத்தம் எப்படி மின்சாரமாகிறது, அறையின் சுவர் எந்த அலைவரிசையைத் திருப்பி அடிக்கிறது, பாடுகிறவர் பக்கம் திரும்பிய பாக்ஸ் ஏன் கூவுகிறது, சினிமாவுக்கு நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுப்பது எதற்கு என்பதெல்லாம் அங்கே கைவேலையாகவே வரும். முடித்தவர்களுக்கு டப்பிங், படப்பிடிப்புத் தளம், மேடைக் கச்சேரி, விளம்பரம் என்று வேலை பல பக்கம் இருக்கிறது. சம்பளம் முதல் இரண்டு மூன்று வருஷம் மெல்லத்தான் ஏறும். அதை மறைக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஆறு மாத டிப்ளமோவுக்கு லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் இடங்கள் நிறைய. கண்ணாடி அறையையும் பெரிய மிக்ஸரையும் காட்டுவார்கள். ஒரு மாணவனுக்கு அந்த மிக்ஸரில் வாரம் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்காகவும் தோப்பு போகக்கூடாது.

பையனிடமும் கறாராகவே பேசினேன். பேண்டு சோறு போடும் என்று நம்பி உட்காராதே. புதுக் கிட்டார் இப்போது வேண்டாம். பாட்டை ஸ்பாட்டிஃபையில் ஏற்றுவது இன்று சுலபம். அதற்கு முன் மெட்டு யாருடையது, வரி யாருடையது, பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போடுங்கள். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை ஒரு கம்பெனிக்கு விட்டுக்கொடுத்துவிட முடியாது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் பதிந்தால் அதை அவர்கள் வசூலித்துத் தருவார்கள். அப்புறம் பயிற்சியின்போது காதில் அடைப்பான். 85 டெசிபலுக்கு மேலான சத்தத்தில் தினமும் மணிக்கணக்கில் நின்றால் காது போய்விடும். உன் முதலீடே அந்த ரெண்டு காதுதான்.

மாமன் அதற்குமேல் பேசவில்லை. அதுவரை வாய் திறக்காத அம்மா, தரமணியில் ஹாஸ்டல் இருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று கேட்டு, பையனின் நோட்டில் குறித்துக்கொண்டார்.

செருப்பை மாட்டும்போது அப்பா பையனைக் கேட்டார்: "ஆமா, உங்க குழுவுக்கு என்னடா பேரு?"

பையன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "பெங்களூரா."

"அது கூழ் ஃபேக்டரிக்குப் போற காய்டா" என்றார் அப்பா.