லைட்ஹவுஸில் 100 வாங்கிய பக்கத்தில் டிக்கெட் போட முடியவில்லை

"லைட்ஹவுஸ் அணுகல்தன்மைக்கு 100 காட்டுகிறது, இதற்கு மேல் கையால் வேறு சோதிக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். (லைட்ஹவுஸ் என்பது வலைப்பக்கத்தைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் கூகுள் கருவி; அணுகல்தன்மை என்றால் மாற்றுத்திறனாளிகளும் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்த முடிவது.) நாளை மறுநாள் ரிலீஸ், மேனேஜர் தலைமாட்டில் நிற்கிறார், அப்படித்தானே?

நானும் அந்த 100-ஐ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டவன்தான். பெருங்குடியில் டெஸ்டிங் வேலை. பஸ் டிக்கெட் போடும் தளம். பார்வையற்ற அண்ணன் ஒருவரை வரவழைத்து, என் லேப்டாப்பில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கொடுத்தேன். (அது இலவசம். பட்ஜெட் இல்லை என்ற சாக்கு செல்லாது.) டேப் கீயைத் தட்டித் தட்டிப் போனார். "இருக்கை, பட்டன். இருக்கை, பட்டன்." நாற்பது தடவை! எல்லாவற்றுக்கும் ஒரே ஏரியா (ARIA) லேபிள், அதாவது ஸ்கிரீன் ரீடர் வாசிப்பதற்காகக் கோடில் கொடுக்கும் பெயர். பெயர் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும், நாற்பதுக்கும் ஒரே பெயரா என்று யோசிக்காது. காலி என்றால் பச்சை, அதுவும் கண் தெரிகிறவனுக்கு. தமிழ்ப் பக்கத்துக்குப் போனால், கோடில் மொழி ஆங்கிலம் என்று போட்டிருந்ததால் ஆங்கிலக் குரல் தமிழை அப்படியே விழுங்கிவிட்டு எண்களை மட்டும் வாசித்தது. அதற்குள் இருக்கைக்கான நேரம் முடிந்து, தளம் சத்தமே இல்லாமல் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் அது தெரியாமல் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார். "என்ன தம்பி, பஸ் போயிடுச்சா?" என்றார். எனக்குக் காது சுட்டது.

சரிசெய்ய வேண்டியது இவ்வளவுதான்: லேபிளில் இருக்கை எண்ணும் காலியா இல்லையா என்பதும், சரியான மொழிக் குறி, நேரம் முடியப்போவதைச் சொல்லும் ஒரு லைவ் ரீஜன் (பக்கத்தில் மாறுவதை ஸ்கிரீன் ரீடர் தானாக வாசிக்கும் பகுதி). இரண்டு நாள் வேலை.

உடனே கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள், கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு 4.5:1-க்குக் குறைந்தால் அது பிடிக்கும். ஆனால் படத்தை விவரிக்க வேண்டிய மாற்று உரையில் 'படம்1' என்று எழுதினாலும் பாஸ்தான். நீங்கள் மானிட்டரை அணைத்து, மவுஸைக் கழற்றிவிட்டு ஒரு டிக்கெட் போட்டுப் பாருங்கள். டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லியாயிற்று, மேனேஜரிடம் அதையும் காட்டுங்கள்.

அன்று சாயங்காலம் அவரை பஸ் ஸ்டாப்பில் விடப் போனேன். பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நடைபாதையின் மஞ்சள் வரிக்கல் நேராக ஒரு ஜங்ஷன் பாக்ஸில் போய் முட்டுகிறது, பக்கத்தில் இரண்டு பைக் வேறு. புகார் கொடுத்தேன். 'தீர்க்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் வந்தது. பாக்ஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.