பல்செட் கட்டியும் கஞ்சிதானா?

அண்ணாச்சி, அம்மாவுக்கு 74 வயது, பல்செட் கட்டி நாலு வருடம், இப்போது கஞ்சியும் டீயில் நனைத்த ரஸ்க்கும்தான் இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். களியக்காவிளையில் எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். செட்டைக் கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பார்.

வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். பல் போன இடத்தில் தாடை எலும்பு வருடா வருடம் தேயும். கீழ்த்தாடையில் தேய்மானம் அதிகம், அதனால் கீழ்செட்டுதான் முதலில் ஆடும். உடனே புது செட் வேண்டும் என்றில்லை. உள்பக்கத்தை ஈறுக்குப் பொருந்த நிரப்பித் தரலாம், 'ரீலைனிங்' என்பார்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் கொஞ்ச நேரமாவது செட்டைப் போடச் சொல்லுங்கள். எங்கே உரசுகிறது என்று ஈறே காட்டிக்கொடுக்கும். வாயில் புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், அதுவும் வெற்றிலை போடுகிறவர் என்றால், தள்ளிப்போடவே கூடாது.

இரவில் கழற்றிப் பச்சைத்தண்ணீரில் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும்.

செட் சரியாகும்வரை மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, மசித்து மட்டும் கொடுத்தால் உடம்பில் சதை நிற்காது. கூடவே முள் எடுத்த மீன், அவித்த முட்டை, குழைய வெந்த சிறுபயறு. சிறு கவளமாக, இரண்டு பக்கமும் வைத்து மெல்லச் சொல்லுங்கள். செட் ஒரு பக்கமாகத் தூக்காது.