இரண்டடி தூரம்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர், வேலை சென்னையில். மூன்று வருடமாக கோல்ஃப் ஆடுகிறேன். டிரைவிங் ரேஞ்சில், அதாவது நின்ற இடத்திலேயே அடித்துப் பழகும் இடத்தில், 200 பந்து அடித்தால் 150 நன்றாகப் போகும், மைதானத்தில் இறங்கினால் அது என் கையே இல்லை. போன மாதம் அலுவலகப் போட்டியில் கடைசிக் குழி, இரண்டடி தூரம்தான். மணிக்கட்டை ஆட்டாதே, மணிக்கட்டை ஆட்டாதே என்று சொல்லிக்கொண்டே தள்ளினேன், குழியின் ஓரத்தைத் தொட்டு வெளியே போய்விட்டது. இன்னும் தூக்கத்தில் வருகிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதம் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன். இங்கே ஏது மைதானம், இருக்கிற ஆட்டமும் போய்விடுமோ என்று பயம். நீங்கள் பெங்களூரில் பல வருடம் ஆடியதாக எழுதியிருந்தீர்கள். மனதை எப்படிக் குவிப்பது, எப்படிப் பழகுவது?

கே.

அன்புள்ள கே.,

அம்மா சீக்கிரம் தேறட்டும். ஆட்டம் எங்கேயும் போகாது, இந்த இரண்டு மாதத்தில் அது நன்றாகவே ஆகலாம் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டடியில் என்ன நடந்தது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். மணிக்கட்டு. நீங்கள் வரப்பில் நடந்து வளர்ந்தவர். தலையில் நாற்றுக்கட்டோடு ஈர வரப்பில் போகிறவர் தன் காலைப் பார்த்துக்கொண்டா போகிறார்? பார்வை பத்தடி முன்னால் இருக்கும், கால் தானே இடம் பிடித்துக்கொள்ளும். குனிந்து பார்த்து, கட்டைவிரலை எங்கே ஊன்றுவது என்று யோசிக்க ஆரம்பித்தால் சேற்றில்தான் இறங்குவோம். 1999இல் கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் கோல்ஃபை வைத்தே இதைச் சோதித்தார்கள். கோல்ஃப் பழகாதவர்களில் ஒரு குழுவைத் தங்கள் கைகளின் அசைவில் கவனம் வைக்கச் சொன்னார்கள், இன்னொரு குழுவை கிளப்பின், அதாவது கோல்ஃப் மட்டையின், வீச்சில். கிளப்பைக் கவனித்தவர்கள்தான் இலக்குக்கு அருகே அடித்தார்கள். ஆகவே மணிக்கட்டை விட்டுவிடுங்கள். பந்து உருண்டு போகப்போகிற வழியைப் பாருங்கள், அது போதும்.

மனதைக் குவிப்பது என்றதும் நாலு மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஆடினேன், பன்னிரண்டாவது குழி வருவதற்குள் தலை வலிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆட்டத்தில் நீங்கள் 90 தடவை அடிக்கிறீர்கள் என்றால், ஒரு வீச்சுக்கு இரண்டு நொடி வைத்தாலும் மொத்தம் மூன்று நிமிடம். மிச்ச நேரமெல்லாம் நடை. அந்த நடையில் பழைய அடியை நினைத்து நொந்துகொள்வதும், வரப்போகிற அடியை நினைத்துப் பயப்படுவதும்தான் ஆளைத் தின்கிறது. நடக்கும்போது மரத்தைப் பாருங்கள், கூட வருகிறவரிடம் ஊர்க்கதை பேசுங்கள். பந்துக்குப் பக்கத்தில் வந்ததும் பின்னால் நின்று வழியைப் பாருங்கள், மூச்சை ஒரு தடவை முழுசாக வெளியே விடுங்கள், போய் நில்லுங்கள், அடியுங்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, இரண்டடியோ இருநூறு கஜமோ மாற்றவே கூடாது. நெருக்கடி வரும்போது பிடித்துக்கொள்ள அந்த வரிசைதான் இருக்கும்.

சரி, ரேஞ்ச். அங்கே நீங்கள் 7 அயர்ன் என்ற மட்டையை எடுத்து ஒரே இலக்குக்கு ஐம்பது அடிக்கிறீர்கள். பத்தாவது பந்திலிருந்து கை தன்னைத் திருத்திக்கொண்டுவிடும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். மைதானத்தில் யாரும் இரண்டாவது பந்து தரமாட்டார்கள். 1986இல் குட், மேகில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேட்மின்டன் சர்வீஸ் மூன்று வகைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே வகையைப் பழகியவர்களைவிட, மூன்றையும் கலந்து கலந்து பழகியவர்களுக்கே பிறகு வைத்த சோதனையில் நன்றாக வந்தது. கலந்து பழகும்போது தடுமாற்றம் அதிகம், எரிச்சலாக இருக்கும், அந்தத் தடுமாற்றத்தில்தான் கற்றுக்கொள்கிறோம். சென்னைக்குத் திரும்பியதும் 40 பந்து போதும், ஒவ்வொன்றுக்கும் கிளப்பையும் இலக்கையும் மாற்றுங்கள்.

இப்போது ஊருக்கு வருவோம். சம்பா அறுத்து முடித்திருப்பீர்கள், உங்கள் ஊர் சிமெண்ட் களம் காலியாகத்தான் கிடக்கும். ஒரே ஒரு பந்து, பந்தை உருட்டித் தள்ளும் பட்டர் மட்டை ஒன்று, வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர், இவ்வளவுதான் தேவை. டம்ளரைப் படுக்கவைத்து வாயை உங்கள் பக்கம் திருப்புங்கள். கோல்ஃப் குழியின் அகலம் நாலேகால் அங்குலம், டம்ளர் வாய் அதைவிடச் சின்னது, கொஞ்ச நாளில் நிஜக் குழி அண்டா மாதிரி தெரியும். இரண்டடியில் ஆரம்பித்து ஆறடி வரை, ஒவ்வொரு தடவையும் இடம் மாற்றி. அடித்துவிட்டுத் தலையைத் தூக்காதீர்கள், பந்து இருந்த இடத்திலேயே கண் இருக்கட்டும். டங் என்ற சத்தத்தைக் காதால் கேளுங்கள். நன்றாக ஆடுகிறவர்களின் கண் அடிக்கும் முன்பும் அடிக்கும்போதும் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது என்று ஜோன் விக்கர்ஸ் என்ற ஆய்வாளர் 1992இலேயே அளந்து காட்டியிருக்கிறார். பிறகு நீங்களே போய்ப் பந்தை எடுத்து வாருங்கள். அந்த நடையும் பயிற்சிதான்.

சாயங்காலம் கடைசி அடி மட்டும் தனி. இரண்டடி, ஒரே வாய்ப்பு, தெருப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்து அடியுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், கத்துவார்கள், நல்லது. விழாவிட்டால் மறுபடி அடிக்காமல் அப்படியே வீட்டுக்குப் போய்விடுங்கள். தவறவிட்டுவிட்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கப் பழகவேண்டும் உங்களுக்கு, அதற்காகத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டிகளில் ஆடுகிறவர்களே எட்டடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள், இரண்டடியிலும் எப்போதாவது அவர்களுக்குத் தவறும்.

அறுத்த வயல் அகலமாகக் கிடக்கிறதே, அங்கே முழு வீச்சில் அடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அறுப்புக்கு முன்னாலேயே உளுந்து தெளித்திருப்பார்கள், இப்போது முளைத்துவரும் நேரம், அதன்மேல் நடந்தால் வயல்காரருக்கு நஷ்டம். ஆடுமாடும் மேய வரும், கோல்ஃப் பந்து பட்டால் சாதாரண அடி இல்லை. முழு வீச்சு பழகவேண்டுமென்றால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து கிடைக்கிறது, அதை வீட்டுக் கொல்லையில் அடியுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். சிமெண்டில் பந்து ரொம்ப வேகமாக ஓடும். திரும்பிப் போனதும் முதல் நாள் அரை மணி நேரம் முன்னாலேயே மைதானத்துக்குப் போய், குழியைப் பார்க்காமல், புல்லில் பந்து எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மட்டும் இருபது தடவை உருட்டிப் பாருங்கள். இல்லையென்றால் முதல் மூன்று குழியிலும் பந்து குழிக்கு முன்னாலேயே நின்றுவிடும்.