அந்த அக்காவை ஏன் கூப்பிடவில்லை?

கேள்வி: சென்னையில் ஐடி ஆர்க்கிடெக்டாக, அதாவது கம்ப்யூட்டர் சிஸ்டம்களை வடிவமைப்பவனாக இருக்கிறேன். ஆறு மாதம் உழைத்துப் போட்ட டிசைனை, ரிவியூ மீட்டிங்கில் சக ஆர்க்கிடெக்டுகள் பிசினஸ் ஆட்கள் முன்னாலேயே கிழித்துவிட்டார்கள். நேரம் இழுக்கக் கூடாது என்று, எப்போதும் கேள்வி கேட்கும் சப்போர்ட் டீம் அக்காவைக்கூட நான் கூப்பிடவில்லை. அப்படியும் அவமானம்தான் மிச்சம். வேறு வேலை தேடலாமா?

பதில்: குறை கண்டுபிடிக்கத்தான் தம்பி அந்தக் கூட்டமே. 1976-லேயே ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் இதற்கு முறை வகுத்தபோது, அகப்படும் பிழைகளை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்றார். உங்கள் மேனேஜர் அப்படி எடை போட்டால் நேரில் போய்க் கேளுங்கள். வேலை மாறுவது உங்கள் இஷ்டம்.

எனக்குக் கோபம் வந்தது அந்த அக்கா விஷயத்தில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் சிஸ்டம் விழுந்தால் போன் யாருக்கு வரும்? உங்களுக்கா? பக்கத்தில் தூங்கும் பிள்ளை விழித்துக்கொள்ளக் கூடாதென்று போனைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறவர் அவர். சிஸ்டம் தானே எழுதிவைக்கும் லாகுகளில் எதைப் பார்ப்பது, பழைய வெர்ஷனுக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும், பேக்கப்பை ஒரு முறையாவது ரீஸ்டோர் செய்து பார்த்தீர்களா என்றுதான் கேட்டிருப்பார். இதற்குப் பதில் இருந்திருந்தால் அவரைத் தவிர்த்திருப்பீர்களா?

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி புது சிஸ்டத்துக்கு மாறியது. 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சிஸ்டம் தயாராக இல்லை, அதை ஓட்ட வேண்டியவர்களும் தயாராக இல்லை என்றது பிறகு வந்த விசாரணை அறிக்கை. 2022-ல் விழுந்த அபராதம் 4.865 கோடி பவுண்டு.

எனக்கு வரும் குடும்பக் கடிதங்களிலும் இதே கதைதான். படுத்த படுக்கையான அம்மாவை யார் வீட்டில் வைப்பது என்று அண்ணன் தம்பிகள் கூடத்தில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். தினமும் துணி மாற்றிவிட வேண்டிய மருமகள் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருப்பாள். சுமக்கிறவரைக் கேட்காமல் சுமையை ஏற்றுவது அநியாயம். வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி.

நாளைக்கே அவரிடம் போய், கூப்பிடாதது தப்பு என்று சொல்லுங்கள். டிசைனைக் கொடுத்து, படிக்க மூன்று நாளாவது விடுங்கள். எதை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள், ஏன் என்று எழுதும்போது அவர் கேள்விகளையும் அவர் பெயரோடு எழுதுங்கள். அப்புறம், அடுத்த ரிவியூவை அவர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் நேரத்தில் வைக்காதீர்கள்.