ஆசிரியர் அடிக்கக் கூடாது, அப்பா அடிக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கணக்கில் மார்க் குறைந்தால் என் கணவர் மர ஸ்கேலால் அடிப்பார், ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே. தடுக்கப் போனால், "அடியாத மாடு படியாது" என்று மாமியார் என் கணவர் பக்கம் நிற்கிறார். போன வாரம் என் பையன் தன் தங்கையை அதே ஸ்கேலால், அதே மாதிரி எண்ணிக்கொண்டே அடித்தான். பெற்றோர் அடிக்கவே கூடாது என்று ஸ்வீடனில் சட்டம் இருப்பதாக அங்கே இருக்கும் நாத்தனார் சொல்கிறார். இங்கும் அது வர வேண்டுமா? வந்தால் அப்பாக்களை ஜெயிலில் போட்டுவிட மாட்டார்களா?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்.

பதில்: அன்புச் சகோதரி, கட்டாயம் வர வேண்டும்.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்ட ஊர் இது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், பள்ளியில் அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. இன்று ஆசிரியர் பிரம்பைத் தூக்கினால், தலைமையாசிரியர் அறையில் போய் நியாயம் கேட்கிறோம். அப்படிக் கேட்ட அதே அப்பா வீட்டுக்கு வந்து ஸ்கேலைத் தேடுகிறார். பிள்ளை அதிகமாக நம்புகிற ஆளுக்கு மட்டும் எதற்கு இந்தச் சலுகை?

நம் சட்டத்தில் இதற்கு நடுவழியே இல்லை. ஒரு பக்கம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு: பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்னொரு பக்கம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்வது குற்றமாகாது என்கிறது அது. படுகாயப்படுத்துவதற்கு அதில் இடமில்லை. ஆனால் "அவன் நல்லதுக்குத்தான் அடிச்சேன்" என்று சொல்லாத அப்பா யார்?

உங்கள் பயம் நியாயமானது. அடித்தால் உடனே போலீஸ் என்று சட்டம் வந்தால் முதலில் மாட்டுவது யார்? வியாசர்பாடி ஒண்டுக்குடித்தனத்தில் அழுகைச் சத்தம் தெருவுக்கே கேட்கும். அண்ணா நகர் அடுக்குமாடியில் ஏசி ரூம் கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் எனக்கு அந்த மாதிரிச் சட்டம் வேண்டாம்.

ஸ்வீடன் செய்ததைப் பாருங்கள். 1979-இல், உலகிலேயே முதல் நாடாக, பெற்றோருக்கான சட்டத்தில் அடிக்கக் கூடாது என்று எழுதினார்கள். அதில் தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. காயப்படுத்தினால் எல்லோருக்கும் உள்ள குற்றவியல் சட்டம்தான். தடை வந்த செய்தியைப் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்து, காலைச் சாப்பாட்டு மேஜைக்கே கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரன் ஊருக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்று உங்கள் கணவர் சொன்னால், பக்கத்து நேபாளம் 2018-இலேயே தடை செய்துவிட்டது என்று சொல்லுங்கள்.

சரி, சட்டம் வரும்வரை? உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அந்த எண்ணிக்கைதான். இத்தனை அடி வாங்கியும் பையனுக்குக் கணக்கு வரவில்லை. அடிக்கிற முறை மட்டும் பிசகாமல் வந்துவிட்டது. மாமியாரிடமும் கணவரிடமும் இதை அப்படியே சொல்லுங்கள். அடி விழும் நேரத்தில் வாதாட வேண்டாம், பிள்ளையை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கொஞ்ச நாள் நீங்களோ வேறு யாரோ எடுத்துக்கொள்ளுங்கள். தங்கையை அடித்ததற்காகப் பையனுக்கு இன்னொரு அடி விழக் கூடாது.

பையன் பயந்து ஒடுங்கியே இருந்தால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையில் மனநல ஆலோசனை கேளுங்கள். காயம் படும் அளவுக்குப் போனால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அப்புறம், அந்த எண்ணைப் பையனுக்கும் சொல்லிவையுங்கள்.