மகிழ்ச்சியைப் பாடும் பாடல் வரிகளில் படிமம், தொனி, கருப்பொருள் மூன்றையும் எப்படி ஆராய்ந்து எழுதுவது?

கேட்டவர் பிளஸ் டூ மாணவர் என்றே வைத்துக்கொள்கிறேன். நான் தமிழ் படித்தவன் இல்லை. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் இந்தக் கேள்வியில் எனக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது.

எங்கள் அரையாண்டுத் தேர்வில் 'நயம் பாராட்டுக' பகுதிக்குப் பாரதியாரின் 'காக்கைச் சிறகினிலே நந்தலாலா' வந்தது. எதுகை, மோனை, சந்தம் எல்லாம் மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதினேன். சுவை என்ற இடத்தில் மட்டும் 'உவகை, கொஞ்சம் வலி' என்று சொந்தமாக எழுதித் தொலைத்தேன். தமிழய்யா 2 மதிப்பெண் வெட்டி, ஓரத்தில் சிவப்பு மையில் 'வலி எங்கே?' என்று கேட்டிருந்தார்.

எங்கே என்று எனக்குத் தெரியும். அம்மா திருவல்லிக்கேணியில், வாடகை வீட்டின் முன்கட்டில் இட்லிக் கடை வைத்திருந்தார். விடிகாலையில் தோசைக்கல்லில் விரல் பட்டால் 'ஸ்ஸ்' என்று கையை உதறிவிட்டு, உடனே 'தீக்குள் விரலை வைத்தால் நந்தலாலா' என்று பாடுவார். சாப்பிட வந்த மேன்ஷன் பையன்கள் சிரிப்பார்கள். அது பக்தியும் இல்லை, அழுகையும் இல்லை. பாடுகிற குரலில் தெரியும் அந்த மனநிலைக்குப் பெயர் தேடித்தான் தொனி என்ற சொல்லுக்கே வந்து சேர்ந்தேன்.

பாட்டைப் பாருங்கள், இரண்டிரண்டு அடியாக நான்கே கண்ணி. காக்கை கைக்கு எட்டாதது. மரம் கொஞ்சம் கிட்டே நிற்கிறது. மூன்றாவதில் ஒலி காதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நான்காவதில் தீ, தோலிலேயே பட்டுவிடுகிறது. படிமம், அதாவது சொல்லால் மனத்தில் எழும் காட்சி, என்று காக்கை, மரம், தீ எனப் பட்டியல் போடாதீர்கள். தூரம் குறைந்துகொண்டே வருகிறதே, அதை எழுதுங்கள். கூடவே வினைகளையும் கவனியுங்கள். முதல் இரண்டு கண்ணியிலும் 'தோன்றுதையே'. காதுக்கு வந்ததும் 'இசைக்குதடா', தீயில் 'தோன்றுதடா'. கண்ணால் பார்க்கிறவரை மரியாதையாக ஐயே, கிட்டே வந்ததும் உரிமையோடு டா! தொனி மாறுவது அங்கேதான். நாற்பது வயதில், மின்சார ரயிலில் நின்றுகொண்டு முணுமுணுத்தபோதுதான் எனக்கே இது உறைத்தது.

கருப்பொருள் என்று விடைத்தாளில் எழுத வேண்டாம். இலக்கணத்தில் அது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று வேறு சமாச்சாரம். மையக்கருத்து என்றே எழுதுங்கள். ஆனால் 'மகிழ்ச்சி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கைச் சொல்லும் தொல்காப்பியர், 'அல்லல் நீத்த உவகை' என்கிறார். உவகையைச் சொல்ல வந்த இடத்திலும் அல்லலைச் சொல்லாமல் விடவில்லை. எனவே எந்த அல்லல் நீங்கி வந்த மகிழ்ச்சி என்று கேளுங்கள். நந்தலாலாவில் அது நீங்கக்கூட இல்லை என்பது என் கட்சி. தீ தீயாகவேதான் இருக்கிறது.

'அத்வைதப் பாட்டை அடுப்படிக்கு இழுத்துவிட்டான்' என்று சிலர் கீழே வருவீர்கள். வாருங்கள். எங்கும் கண்ணன் தெரிகிறான் என்பதை நான் மறுக்கவே இல்லை. தோசைக்கல்லிலும் தெரிந்தான் என்கிறேன், அவ்வளவுதான்.

     

வேறு பாட்டு வேண்டுமென்றால் பாரதியாரின் 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்' எடுங்கள். அதில் 'விட்டோம்' என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். சுதந்திரம் வந்தது 1947-இல். பாடியவர் 1921-லேயே போய்விட்டார்.