மலைப்பாதையில் அவசரம்: செயலியைக் கேட்கலாமா?

கேள்வி: கனமழையன்று ஏற்காட்டிலிருந்து என் தாயாரைச் சேலம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியிடம் கேட்டபோது பாதை திறந்திருப்பதாகச் சொன்னது. ஆனால், வழியில் மண் சரிந்து கிடந்தது. இனி அதை நம்பலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: தங்கள் தாயார் நலமடைய வேண்டுகிறேன். அத்தகைய செயலி, தான் முன்பு கற்ற எழுத்துகளிலிருந்தும், சில வேளை இணையத்தில் தேடிக் கிடைப்பதிலிருந்தும் விடையைக் கோத்துத் தருவதால், இந்த நிமிடம் எந்த வளைவில் பாறை உருண்டு கிடக்கிறது என்பது, யாரேனும் அதை இணையத்தில் ஏற்றியிருந்தாலன்றி, அதற்குத் தெரிய வழியில்லை; தெரியாததையும் தெரிந்ததுபோல் தடுமாறாமல் சொல்வதுதான் எனக்குப் பெரிய அச்சம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் இதே பாதையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை.

முதலில் 108 அல்லது 112-ஐ அழையுங்கள். பாதை நிலவரத்துக்கு மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. கோரிமேடு வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், பக்கத்து வளைவின் எண்ணைச் சொன்னாலே ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு இடம் விளங்கிவிடும்.

காப்பித் தோட்டத்து வடமாநிலத் தொழிலாளி தன் வலியைச் சொல்லும்போது மொழிபெயர்க்கவும், மழைக்கு முன்பே மருந்துப் பட்டியல் எழுதிவைக்கவும் செயலி உதவும். மருந்தின் அளவை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.